மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்து

குதிகால் நரம்பு அறுந்தபோது
முதலில் வலி வரவில்லை.
யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலிருந்தது.
திரும்பிப் பார்த்தேன், திட்டுவதற்காக.
பின்னால் கித்தானில் வரைந்த நதி,
அதன்மேல் சாயம் உரிந்த நிலா.

பதினேழு வருடம் நாணலாக இருந்தேன்,
பெர்ம் நகரத்துப் பாலே அரங்கில்,
முப்பத்திரண்டு பேரில் ஒருத்தியாக.
ஒரு நாணல் தனியாக அசைந்தால்
மறுநாள் சம்பளத்தில் தெரியும்.
சுவரொட்டி வரும்போதெல்லாம் அம்மா
பேனாவால் அம்புக்குறி போடுவாள்: ரிம்மா.
ஒருமுறை அம்பு
பக்கத்தில் நின்ற தாய்ஸியாவைக் குத்தியது.
நான் சொல்லவில்லை.
இன்னும் சமையலறையில் தொங்குகிறாள் தாய்ஸியா,
என் பெயரோடு.

கட்டுப் பிரித்த மாதம்
சந்தையில் ஒரு பழைய ஸெனித் கேமரா வாங்கினேன்,
இரண்டு கிலோ வெண்ணெய் விலைக்கு.
உள்ளே யாரோ பாதியில் விட்ட ஃபிலிம்.
கழுவிக் கொடுத்த ஃபாரித் சிரித்தார்:
பதினொரு படம் ஒரு நாய்,
பன்னிரண்டிலிருந்து என் ஜன்னல்.
நாய் எல்லாவற்றிலும் எதையோ எதிர்பார்த்து நிற்கிறது.
என் ஜன்னல் எதையும் எதிர்பார்க்கவில்லை.
வெட்கமாக இருந்தது.

அரங்குக்கு வரும் புகைப்படக்காரர்கள்
தாவலின் உச்சிக்குக் காத்திருப்பார்கள்.
உச்சியில் யாரும் அழகுதான்.
அங்கே எடையில்லை, வயதில்லை, வாடகை பாக்கியில்லை.
எனக்குத் தெரிந்தது அதற்கு முந்திய நொடி.
முழங்கால் மடங்கும், மூச்சு விலாவுக்குள் இறங்கும்,
கண் ஒரு கணம் தரையிடம் கடன் கேட்கும்.
அப்புறம், கடனைத் திருப்பித் தரும் நொடி:
முப்பத்திரண்டு பேரும் இறங்கும் சத்தம்.
உங்களுக்கு அதை வயலின்கள் மூடிவிடும்.
பக்கத்திரை ஓரம் நின்றால்
லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை இறக்குவது போலிருக்கும்.

சத்தத்தை எப்படிப் படமெடுப்பது?
மூன்று குளிர்காலம் போயிற்று.
எட்டில் அழுத்தினால் தாமதம், ஏழில் அவசரம்.
நடுவே எண்ணாத ஓரிடம் இருக்கிறது,
உடம்புக்கு மட்டும் தெரியும்.
ஒருநாள் கிடைத்தது:
காலணிகளைச் சுற்றிக் குங்கிலியத் தூள் எழும்பி நிற்கிறது,
மேடையைத் தாண்டிக் காலெடுத்து வைத்த உஸ்தீனா
சிரிப்பைக் கழற்றுகிறாள்.
பாதி கழன்றிருக்கிறது.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
"நல்ல படம். இதைப் பார்த்து எவன் டிக்கெட் வாங்குவான்?"
உஸ்தீனா ஒரு பிரதி கேட்டாள்.
அம்மாவுக்கா என்றேன்.
"ஐயோ, வேண்டாம். எனக்கு."

இப்போது பெரும்பாலும் காமா நதியில்தான்.
உறைந்த நதியில் துளை போட்டு
மீனுக்குக் காத்திருப்பவர்கள் என்னை விரட்டுவதில்லை.
அசையாமல் நிற்கத் தெரிந்தவள் என்று ஒரு மரியாதை.
மைனஸ் இருபதில் ஷட்டர் சோம்பல் முறிக்கும்.
அதுவரை, கம்பளி பூட்ஸுக்குள்
கால்கள் தாமாக ஐந்தாம் நிலைக்குப் போயிருக்கும்,
ஒன்றின் குதிகால் மற்றதன் விரலை ஒட்டி.
"குளிருதா?" என்பார் ஒருவர்
கண்ணைத் துளையிலிருந்து எடுக்காமல்.

இங்கே சூரியன் இடுப்புக்கு மேல் ஏறுவதில்லை.
ஒவ்வொரு படத்திலும் கீழே, இடப்பக்கமாக
என் நிழல் விழுந்து கிடக்கிறது.
வெட்டிவிடலாமே என்றார் ஃபாரித்.
இருக்கட்டும் என்றேன்.
யாரென்று கேட்டால்
சொல்லிக்கொள்ளலாம்.