ஒன்று நாற்பத்தேழு

ஜப்பான் ஆர்டர் என்றால்
பெட்டி கட்டுமுன் ஒவ்வொரு பனியனும்
ஊசி தேடும் எந்திரத்துக்குள் போய் வர வேண்டும்.
உடைந்த முனை கடுகில் பாதி இருந்தாலும்
பெல்ட் நின்றுவிடும், மணி அலறும்.
அந்த எந்திரத்துக்கு நான் காவல்.
அனுப்பர்பாளையம், இரவு ஷிப்ட்.

ஒகாதா அம்மா ஒசாகாவிலிருந்து வந்தவர்.
தையலை விரலால் படிப்பார்.
மேசையில் மடக்குக் கண்ணாடி, ஒரு குட்டி ஸ்பீக்கர்.
அதில் பெண்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள்.
முதல் வாரம் எல்லாம் ஒரே குரல் என்றிருந்தேன்.
இரண்டாம் வாரம் பிரித்துவிட்டேன்,
முப்பதாம் நம்பர் நூலையும் நாற்பதையும்
தொட்டுப் பிரிக்கிற மாதிரி.

ஒருத்தி ஸ்வரத்தை நேராக விடவே மாட்டாள்.
கடைசி எழுத்தைப் பிடித்து, முறுக்கி,
ஈரச் சேலையைப் போலப் பிழிந்துதான் போடுவாள்.
"படகு போய்விட்டது, ஆள் வரவில்லை, அவ்வளவுதான் பாட்டு"
என்றார் ஒகாதா அம்மா, போனைப் பேச விட்டு.

இன்னொருத்தி மேலே போவாள்.
மேலே என்றால்
தண்ணி டேங்க் ஏணியில் கை விட்டு ஏறுகிற மேலே.
துளசிமணிக்கு அவள்தான்.
"பதினேழு! ஏனுங்க, பதினேழு எண்ணிப்போட்டேன்,
இன்னும் மூச்சு விடலீங்க அந்தப் புள்ள!"
இஸ்திரி மேசைக்காரர்கள் வரை கைதட்டினார்கள்.

எனக்கு மூன்றாமவள்.
பெயர் தெரியாது. திரையில் மூன்று எழுத்து.
அதில் ஒன்றின் இடப்பாதி மட்டும் தெரியும்:
லேபிளில் நூறு சதம் பருத்தி என்கிற இடத்தில்
அந்தப் பாதி வரும், ராத்திரிக்கு ஆறாயிரம் தடவை.
நூல் என்று அர்த்தமாம்.
பெயருக்குள் நூல் வைத்திருக்கிறவள்.

அவள் கத்த மாட்டாள், உலுக்க மாட்டாள்.
தூங்குகிறவரை எழுப்பாமல்
கதவு திறக்கிற மாதிரி ஆரம்பிப்பாள்.
"இதென்னங் பெரிய பாட்டு, நானே பாடுவனுங்க."
துளசிமணி பாடினாள்.
மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள்.
எங்கே மூச்செடுப்பது என்று தெரியவில்லையாம்.

நானும் தேடினேன். பழுது பார்த்தே பழகிய ஆள்.
டியூப்லைட்டுக்கு எதிரே துணியைப் பிடிப்பதுபோல
அந்தப் பாட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.
ஓட்டை இல்லை, பிசிறு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை.

ஒரு இடம் தவிர.
ஒன்று நாற்பத்தேழில்
குரல் ஒரு மயிரிழை உடைகிறது.
உடைந்ததை அவள் மறைக்கவில்லை,
அதன்மேலேயே நடந்து போகிறாள்.

ஒகாதா அம்மாவிடம் காட்டினேன்: இங்கே.
அவர் நிமிர்ந்தார்.
முதல் முறையாக என் கார்டைப் பார்த்து
"நாச்சிமுட்ஸு" என்றார்.
பிறகு போனிடம் நிறையச் சொன்னார்.
போன் கொஞ்சமாகச் சொன்னது:
இருமல் உள்ள நாளில் பாடினாள்.
மறுபடி பாடச் சொன்னார்கள்.
நான்கு தடவை பாடினாள், பழுதில்லாமல்.
கடைசியில் முதலாவதே போதும் என்றுவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன்.
போன் கொஞ்ச நேரம் சுற்றியது.
"ஊசி அதில் இருக்கிறது" என்றது.
சரியாகச் சொன்னதா, தப்பாகவா, இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் மணி அலறியது.
பெல்ட் நின்றது. குழந்தைப் பனியன், மஞ்சள்.
கழுத்துப்பட்டிக்குள் இரண்டு மில்லி முனை.
அதை டேப் போட்டு நோட்டில் ஒட்ட வேண்டும்,
தேதி, மெஷின் நம்பர், கண்ட நேரம்.
எழுதி முடித்தபின்தான் பார்த்தேன்:
நேரத்தில் என் கை ஒன்று நாற்பத்தேழு என்று போட்டிருந்தது.
சுவரில் இரண்டரை தாண்டியிருந்தது.

அரை அங்குலம் தையல் கோணினால்
அட்டைப்பெட்டியையே திருப்புகிற அம்மா
சுவரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

"அந்த டேங்க் ஏறுற புள்ளயப் போடச் சொல்லுங்,
தூக்கம் வருது" என்றாள் துளசிமணி.