குறைப் பட்டியல்

ஞாயிறு காலை ஏழரை. இருபத்திரண்டு பேர்.
அலுவலகம் கொடுத்த மஞ்சள் டி-சட்டை,
முதுகில் "ஒன்றாய் உயர்வோம்."
உயர வேண்டியதென்னவோ
அப்பர் தாம்சன் சாலையோரம்
காடு மூடிய ஒரு சின்ன மேடுதான்.

புது வீடுகளுக்கு மதிப்பெண் போடுவது எங்கள் பிழைப்பு.
தரை ஓட்டைக் கோலால் தட்டுவோம்.
டொப்பென்றால் அடியில் காற்று, ஒரு புள்ளி போச்சு.
நகம் நுழையும் விரிசலுக்கு இன்னொன்று.
சாவி வாங்க வந்த இளம் தம்பதி
எங்கள் முகத்தையே பார்த்து நிற்பார்கள்,
ரத்தப் பரிசோதனை முடிவுக்கு நிற்பது போல.

"இவைதாம் புராதன இடிபாடுகள்" என்றார் வழிகாட்டி,
ஃபூ சியாக் மெங், ஐம்பது வயதிருக்கலாம்.
ரோஸ்னானிக்குச் சிரிப்பு தாங்கவில்லை:
"என் அக்காவைவிட இளசு!"
ஹைனானியர் ஊர். எண்பதுகளில் காலியானது.
சிரித்தோமே தவிர
நேற்றைய சந்தையையே தேட வேண்டிய தீவில்
நாற்பது வருடம் என்பது
ஒரு வம்சம் வந்து போகும் காலம்.

சமையலறைக்குள் பெரணி.
குளியல் தொட்டியில் தவளைமுட்டை.
எண் அழிந்த வாசல்தூணைச் சுற்றி
யாருக்கோ காவல் நிற்பது போல் ஆலவேர்.
ரம்புத்தான் மரங்கள் மட்டும்
வாடகை பாக்கி இல்லாதவர்களின் தெம்போடு
வரிசை கலையாமல் நின்றன.

பழக்கம் விடுமா? க்வெக் தொடங்கினார்:
"கூரை, இல்லை. கதவு, இல்லை.
நீர்க்கசிவு..."
அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.
"கடுமையான நீர்க்கசிவு."
குரங்கொன்று கிளை மாறிப் போகுமளவு சிரித்தோம்.

வள்ளிநாயகம் சிரித்தபடியே குனிந்து
சிவப்புச் சிமெண்டுத் தரையைத் தட்டினார்.
டொப்பவில்லை.
மூலையில் தட்டினார். நடுவில்.
சருகை ஒதுக்கிவிட்டு, மண்டியிட்டு, வாசலோரம்.
"எங்குமே காற்றில்லை, தவமணி"
என்றார் என்னிடம், மெதுவாக,
ஏதோ தப்பு நடந்துவிட்ட குரலில்.

அப்புறம் மேல்வீட்டுக்குப் போகும் படிக்கட்டு.
ரோஸ்னானி தடுக்கினாள்.
அவளைக் கேலி செய்த க்வெக் தடுக்கினார்.
க்வெக்கைப் பிடிக்கப் போன பயிற்சிப் பையன்
தண்ணீர் போத்தலோடு விழுந்தான்.
பையில் அளவுநாடா இருந்தது எனக்கு.
(ஞாயிற்றுக்கிழமையும் ஏன் என்று கேட்காதீர்கள்.)
ஆறு படிகள் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம்.
ஏழாவது மட்டும் இரண்டு விரல் கூடுதல்.

மழை வந்திருக்கும், என்றார் ஒருவர்.
சிமெண்டு தீர்ந்திருக்கும்.
இல்லை, வேறு கை, மேசனின் மச்சான்.
மறுநாள் மனைவியோடு சண்டை.
ஒரு படிக்கு இத்தனை சாட்சி!
தரை போட்டவன்தான் இதையும் போட்டானென்றால்
தெரிந்தே போட்டான் என்றேன் நான்.
ஏனென்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதிலில்லை.

எங்களுக்கு முன்னே, எங்களைப் பார்த்தபடி,
பின்னோக்கி ஏறிக்கொண்டே பேசி வந்தவர் ஃபூ.
மின்சாரம் வந்த வருடம், பன்றிக்கொட்டில், டுரியான் காவல்,
எல்லாவற்றையும் "அவர்கள்" "அவர்கள்" என்றே சொன்னார்.
குனியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.
ஏழாம் படியில்
அவர் குதிகால் இரண்டு விரல் கூடுதலாக எழும்பி
சரியாக அமர்ந்தது.

பார்த்தேன். கேட்கவில்லை.
அவரும் பன்றிக்கொட்டிலிலிருந்து வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பேருந்தில் நாசி லெமாக் பொட்டலம்.
குழுப்படத்தில் பாதிப் பேருக்குக் கண் மூடியிருந்தது.

திங்கள். தெங்கா.
இன்னும் யாரும் குடிவராத புளோக்,
பதினான்காம் மாடிப் படிக்கட்டு.
எல்லாம் ஒரே உயரம். முழு மதிப்பெண்.
கையெழுத்துப் போட்டபடியே ஏறினேன்.
ஏழாவதில் என் கால்
தானாகக் கொஞ்சம் கூடுதலாக எழும்பி
காற்றை மிதித்தது.