ஒற்றைக் கோடு

சோங்-கோல் ஏரிக்கு மரங்கள் கிடையாது.
ஜூலையிலும் பனி விழும்; அடுப்பில் சாணம்தான் எரியும்.
இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்
ஒரு பகல் முழுக்க ஜீப்பில் குலுங்கி,
மிச்ச மலையைக் குதிரைமேல் வாந்தியெடுத்துக் கடந்து.

"இங்கே சிக்னல் இல்லைதானே?"
இறங்கியதும் அதுதான் முதல் கேள்வி.
இல்லை என்றால் முகம் மலர்கிறது.
மூன்று வருடம் முன்புவரை அதே பதிலுக்கு
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.
கோச்கோர் ஏஜென்ட்தான் சொல்லித் தந்தான்:
"பூருல்கான், இல்லாததற்கும் இனி விலை உண்டு."

மாவுப்பெட்டி ஒன்றைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.
கூடாரத்துக்குள் நுழையும் முன்
ஒவ்வொருவராய் அதில் போனைக் கிடத்துவார்கள்,
காய்ச்சல் பிள்ளையைக் கிடத்துவதுபோல.
எத்தனை துடைத்தாலும் மாவு முழுதாய்ப் போவதில்லை.
ஊருக்குத் திரும்புகிற அன்று
எல்லார் காதும் வெள்ளையாக இருக்கும்.

முதல் நாள் ஏரியைப் புகழ்வார்கள்.
இரண்டாம் நாள் குதிரைப்பால் குடித்துவிட்டுத் தூங்குவார்கள்.
மூன்றாம் நாள்தான் கைகள் கிளம்பும்.
தானாகச் சட்டைப்பைக்குள் போகும், வெறுமையாய் வரும்,
தொடையைத் தட்டிப் பார்க்கும்,
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல.

நேற்று ராத்திரி பெட்டியருகே ஹென்ரீக்கே.
ஹாம்பர்க்கில் காப்பீட்டு வேலை. ஐம்பது வயசு இருக்கும்.
மூடியைத் திறக்கவில்லை,
மேலே கை வைத்துக்கொண்டு நின்றாள்.
அவள் மொழி எனக்கு வராது, என் மொழி அவளுக்கு வராது.
குருத் உருண்டை ஒன்றை அந்தக் கையில் வைத்தேன்.
காயவைத்த தயிர். கல் மாதிரி இருக்கும், உப்புக் கரிக்கும்.
வாயில் போட்டாள். முகம் கோணியது. துப்பவில்லை.

பிறகு என் பழைய கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டு
சாம்பல் குதிரையில் ஏற்றினேன்.
வேலை இருந்தது எனக்கு.
வியாழக்கிழமை.

விருந்தாளிகளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.
மர்மோட் வளைகள் இருக்கிற மேடு
(கொழுத்த மலை அணில்கள், பகலில்
ஆளைக் கண்டால் விசிலடித்துவிட்டு உள்ளே ஓடும்),
அதற்கும் மேலே, லாரி டயர் ஒன்று கிடக்கிற முகட்டில்
வடக்கே பார்த்து நின்றால்
ஒரு கோடு கிடைக்கும்.
ஒரே ஒரு கோடு. மேகம் இறங்கினால் அதுவும் போகும்.
டயர்மேல் ஏறினால் சில சமயம் திரும்பும்.

மாஸ்கோவில் என் மகள் ஜிபார்குல்
கிடங்கொன்றில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.
இரவு ஷிப்டுக்குப் போகிற வழியில் பத்து நிமிடம்.

"சாப்பிட்டியா?"
"ம்."
"கால் வீக்கம்?"
"இருக்கு."
"பணம் வந்துச்சு. தம்பிக்கு பூட்ஸ்..."
"அம்மா, கொஞ்சம் பேசாதே.
போனை ஏரிப்பக்கம் திருப்பு."

டயர்மேல் நின்று, கையை நீட்டி
இருட்டுக்கு நேரே பிடித்தேன்.
கேட்க என்ன இருக்கிறது இங்கே?
கீழே குதிரைகள் புல்லைக் கடித்து இழுக்கிற ஓசை.
யாரோ ஒருவரின் நாய். காற்று.
ஏரி எதுவும் சொல்லாது, கரையை நக்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கம் ஒரு மெட்ரோ வந்து நின்றது, போனது.
இன்னொன்று வந்தது.
அவள் ஏறவில்லை.

ஹென்ரீக்கே கடிவாளத்தைப் பிடித்தபடி
எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்,
ஆற்றில் குளிக்கிறவளுக்குக் காவல் நிற்பதுபோல.
கடைவாயில் இன்னும் அந்தக் குருத்.

கை மரத்தது. மறு கைக்கு மாற்றினேன்.
கோடு இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கவில்லை;
பார்க்க வேண்டுமென்றால்
ஏரியிலிருந்து திருப்ப வேண்டும்.

காலையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர்
அந்த மேட்டைக் காட்டி, அங்கே என்ன என்றார்.
நான் ரொட்டி மாவில் இருந்தேன்.
ஹென்ரீக்கே இரண்டு விரலை வாயில் வைத்து
நீளமாய் ஒரு விசில் அடித்தாள்.