நாற்பத்து மூன்று வீதம்

ஐந்து டிவிடி வேண்டும்.
ஒஸ்லோவுக்கு ஒன்று, ஸ்கார்பரோவுக்கு இரண்டு,
லண்டனுக்கு ஒன்று,
பாரிஸில் விசா இல்லாமல் இருக்கும் மச்சாளுக்கு ஒன்று.
அப்பாவின் செத்தவீடு. ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

கொம்பியூட்டர் இந்த வேலைக்கு
எரித்தல் என்று பெயர் வைத்திருக்கிறது.
கனத்தையிலிருந்து வந்து எட்டு நாள்தான்.
கேட்டவர்களுக்கு
‘ரைட் பண்ணுறன்’ என்று மட்டும் சொன்னேன்.

எழுதும் வரைக்கும் ஒரு குறையுமில்லை.
பச்சைக் கோடு கரை வரை போகும்.
பிறகு, தான் எழுதியதைத் தானே வாசித்துப் பார்க்கும்.
அப்போதுதான் வரும்:
மூலமும் பிரதியும் பொருந்தவில்லை.
தட்டு வெளியே வந்து நாக்கு நீட்டும்.

முதலில் டிஸ்க்கைக் குற்றம் சொன்னேன்.
புறக்கோட்டையில் ஐம்பதாய்க் கட்டி விற்ற மலிவுச் சாமான்.
பம்பலப்பிட்டிக்குப் போய்
றிஸ்மினின் கடையில் நல்லதாய்ப் பத்து வாங்கினேன்.
‘பதினாறுல எழுதாதீங்க அக்கா, நாலுல எழுதுங்க.
அவசரப்பட்டா பிழைக்கும்.’
நாலில் எழுதினேன்.
ஆறுதலாகப் பிழைத்தது.

பிறகு கடற்காற்றை.
வெள்ளவத்தையில் உப்புத் தின்னாத இரும்பு ஏது?
பெட்டியின் பக்கத்தைக் கழற்றி
கேபிளைப் பிடுங்கி, மற்றப் பல்லில் செருகி,
மெமரியை மகளின் அழிறப்பரால் தேய்த்து,
லென்ஸைப் பஞ்சால் ஒற்றி.

பிறகு கோச்சியை.
பாணந்துறைக் கோச்சி போகும்போது
மேசையில் தேத்தண்ணி வட்டம் வட்டமாய் நடுங்கும்.
கடைசி வண்டியும் போகட்டுமென்று
சாமம் வரை விழித்திருந்து எழுதினேன்.
கடல் மட்டும் இரைந்தது.
பொருந்தவில்லை.

ஒன்பதாவது டிஸ்க்கும்
கோப்பைக்குக் கீழே வைக்கிற தட்டான பிறகுதான்
கொப்பியில் குறித்து வைத்ததைக் கவனித்தேன்.
எல்லாம் நாற்பத்து மூன்று வீதத்தில்தான்.
எந்த டிஸ்க், எந்த வேகம், எந்தக் கேபிள் என்றாலும்
நாற்பத்து மூன்று.

‘அப்ப ஹார்ட் டிஸ்க்லதான் பழுது’ என்றார் றிஸ்மின்.
‘வீடியோக்காரர்ட்ட டேப்ப வாங்குங்க.’
வீடியோக்காரர் அந்த டேப்பில்
களுபோவிலக் கலியாணம் ஒன்றை எடுத்துவிட்டார்.
‘அப்ப அந்த இடத்த வெட்டிட்டு எழுதுங்க.
வேற வழியில்ல.’

ஓட்டிப் பார்த்தேன்.
படம் சதுரம் சதுரமாய் உடைந்து வழிந்தது.
ஆனால் எனக்குத் தெரியும் அந்த இடம்.
மலர்ச்சாலை வாசலில் ஒரு ஓட்டோ.
தம்பிராசா சித்தப்பா.
காணிப் பிரச்சினையில் பதினாலு வருஷம் பேசாதவர்,
சப்பாத்தோடேயே உள்ளே வந்து,
அப்பாவின் கட்டிய பெருவிரல்களை
ஒருதரம் பொத்திப் பிடித்துவிட்டுத் திரும்பினார்.
பிளேன்ரீ கூடக் குடிக்கவில்லை.
ஓட்டோ எஞ்சினை நிற்பாட்டியிருக்கவில்லை.
பதினொரு செக்கன்.

வெட்டினேன்.
ஐந்தும் பொருந்தின.

மாசி மாதம் ஒஸ்லோவிலிருந்து யசோதினி அக்கா:
‘ரெண்டு தரம் முழுக்கப் பாத்தனான்.
சித்தப்பா வரேல்லை, என்ன?’
‘வந்தவர்.’
‘எந்த இடத்தில?’
‘அதில இல்லை.’
கொஞ்ச நேரம் லைனில் பனிக்காற்று.
‘நீ எப்பவும் அந்தாளுக்கு வக்காலத்துத்தான்.’
வைத்துவிட்டாள்.

இப்போது றிஸ்மின் தந்த ஒன்று ஓடுகிறது.
வாசிக்க முடியாத இடத்தை
அலுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிற மென்பொருள்.
ஒரு முறை முழங்கை வருகிறது.
இன்னொரு முறை அது இல்லை, சப்பாத்தின் நுனி இருக்கிறது.
நேற்று நாலு வீதம், இன்று ஆறு.
மழை இருட்டிக்கொண்டு வருகிறது,
யூபிஎஸ் பற்றரி ஏழு நிமிடம்தான் தாங்கும்.