பழவந்தாங்கல், செவ்வாய்க்கிழமை

பதினொரு பிள்ளைகளுக்கு ஒரே ஹெட்செட்.
நெற்றி படும் பஞ்சில்
பத்துப் பேரின் வியர்வை, தேங்காயெண்ணெய்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகுதான்
ஜெபசீலன் பக்கம் நகர்த்துவேன்.
முதல் வாரம் மடியில் வைத்திருந்தான்.
இரண்டாம் வாரம் முகர்ந்து பார்த்தான்.
மூன்றாம் வாரம் எனக்கு மாட்டிவிட்டு
நான் நாற்காலியில் இடித்துக்கொள்வதைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
அதன் பிறகே தலையை நீட்டினான்.

உள்ளே ஒரு ரயில் நிலையம்.
நானே போய் எடுத்தது.
எல்லாப் பக்கமும் பார்க்கும் கேமராவைக்
கம்பியில் தூக்கிப் பிடித்து நின்றேன்.
"என்ன மேடம், யூடியூபா?" என்றார்கள்.
நான்கு நிமிடம், இருபது நொடி.
தாழப் பறக்கும் ஒரு விமானம்,
பயணிகளின் கனிவான கவனத்திற்கு,
பிறகு கடற்கரை வண்டியின் ஊதல்.

அந்த ஊதலுக்குத்தான் இத்தனையும்.
அதைக் கேட்டால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து
காதுக்குள் விரலைத் திணிப்பான்,
நகத்தில் ரத்தம் தெரியும்வரை.
தெரபிக்கு எழும்பூர் போக
இரண்டு வருடமாய் ஆட்டோதான்.
"கணக்குப் பார்க்கிறத வுட்டுட்டேன் டீச்சர்"
என்பாள் டெய்சி.

ஓசை ஒன்றில் தொடங்கினோம். கொசு அளவு ரயில்.
பதிவேட்டில் எழுதிவந்தேன்:
ஓசை நான்கு. கண் மூடினான், கழற்றவில்லை.
ஓசை ஏழு. கை காதுவரை போய்த் திரும்பியது.
ஓசை பத்து. சிரித்தான்.
எதற்குச் சிரித்தான் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரு சனிக்கிழமை, நிஜப் பிளாட்பாரம்.
ஊதல் வந்தது.
டெய்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
அவன் காதைத் தொடவில்லை.
வண்டி நின்றது. அவன் ஏறவில்லை.
கிளம்பிப் போனது.
அடுத்ததும் போனது.
மூன்றாவது வண்டியில் ஏற்றப் பார்த்தோம்;
தூணைக் கட்டிக்கொண்டான்.
அழுகை இல்லை, பயமும் இல்லை.
தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி
"டங்" என்றான். "டங். டங்."

"என்னடா டங்கு?" என்றாள் டெய்சி.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
குழாய் அருகே, மூன்றாம் நிமிடத்தில்,
பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர்
டிபன் டப்பாவைத் தவறவிடுவார்.
மூடி உருண்டு தூண்வரை போகும்.
தரையெல்லாம் எலுமிச்சைச் சாதம்.
பிறகுதான் வண்டி வரும்.
அறுபத்து மூன்று முறை விழுந்த டப்பா அது.
நான் ஊதலையே கேட்டுக்கொண்டிருந்தேன்,
ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
ரயிலைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தேன்;
சொல்லிக்கொடுத்தது
ஒரு செவ்வாய்க்கிழமையை.
டப்பா விழாமல் வரும் வண்டி
அவன் வண்டி இல்லை.

தூரத்தில் நான்காவது வண்டியின் விளக்கு.
பையைத் திறந்தேன்.
தயிர்சாதம், ஓரத்தில் மாங்காய்த் தொக்கு.
குழாயடிக்குப் போய்
கையை விட்டேன்.

மூடி சரியாக உருளவில்லை.
இரண்டு சுற்று சுற்றிப் படுத்துவிட்டது.
"பார்த்துப் போம்மா" என்றார் பூக்கூடைக்காரம்மா.
ஜெபசீலன் மூடியைப் பார்த்தான்,
தயிரைப் பார்த்தான்,
எலுமிச்சை இல்லாததை மன்னித்தான்போல.
சிரித்துவிட்டு
எங்களுக்கு முன்னால் ஏறினான்.

வண்டிக்குள்ளே நான் படம் எடுத்திருக்கவில்லை.
பரங்கிமலை வரும்வரை
டெய்சியும் நானும் மூச்சே விடவில்லை.
அவன் மேலே தொங்கும் கைப்பிடிகளை
ஒவ்வொன்றாக எண்ணினான்.

திங்களன்று பதிவேடு:
இலக்கு எட்டப்பட்டது.
செலவு: நெளிந்த மூடி ஒன்று.

அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் தந்திரமாய்க்
காலி டப்பா கொண்டுபோனேன்.
பைக்குள் கைவிட்டு எடுத்து,
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு
என்னிடம் நீட்டினான்:
"சோறு?"