சர்வர்

பிர்னோவில் பிப்ரவரி. நாலாம் மாடி.
வெந்துலா அந்த நிரலுக்கு வைத்த பெயர் பெருந்தீனி.
பதினாலு வரி.
ஒரு படம் கொடு என்று கேட்கும்,
திரையைவிடப் பெரிதாய், யாரும் பார்க்கப்போகாத படம்.
கிடைத்ததும் இன்னொன்று.
திருப்பிக் கொடுக்க அவள் அதற்குச் சொல்லித்தரவில்லை.

டிஸ்ப்ளே சர்வர் கொடுத்தது.
பெயருக்கேற்ற சர்வர்தான்:
ஜன்னல் கேட்டால் ஜன்னல், எழுத்து கேட்டால் எழுத்து.
இல்லை என்று சொல்ல அதற்கும் ஒரு வழி இருக்கிறது,
பிழை எண் பதினொன்று.
ஆனால் சமையல்கட்டில் நிற்கும் கெர்னல்
பானையைத் திறந்து பாராமலே
இருக்கு, இருக்கு, போ என்கிறது.

இரண்டு ஜிபி.
நாலு.
ஆறரை.
விசிறி இரைந்தது.
எதிர் மேசையில் ஸ்பினியெக் ரொட்டியைப் பிரித்தபடி
இப்போ என்ன எடை? என்றான்,
கசாப்புக்கடையில் நிற்பவன் போல.
ஏழு.
திரையின் மூலையில் கடிகாரம் 4:17இல் நின்றது.
கீழே டிராம் திருப்பத்தில் கிறீச்சிட்டு
தன் நேரத்துக்குப் போனது.
மவுஸை அசைத்துப் பார்த்தாள்.
அம்புக்குறி மட்டும் நகர்ந்தது,
எல்லோரும் மயங்கிக் கிடக்கும் கூடத்தில்
ஒரே ஒரு ஈ.

அப்புறம்தான் கெர்னல் பானைக்குள் கையை விட்டது.
தட்டுப்பாடு என்றால் ஒருவரைக் கொல்ல வேண்டும்.
அதற்கொரு கணக்கு வைத்திருக்கிறது:
யார் கையில் அதிகம்?
கேட்டது யார் என்று அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.
பெருந்தீனியின் மடியில் மூன்றே எம்பி.
தின்றதெல்லாம்
சர்வர் பேரில் எழுதியிருக்கிறது.

கறுப்பு.
கறுப்பில் ஒரு வெள்ளை வரி, எண்ணோடு.

அதன் தோளில் உட்கார்ந்திருந்தவை கூடவே விழுந்தன:
கால்குலேட்டர்,
சோதனைப் பெட்டியில் எழுதக் கூடாது என்று தெரிந்தே
அவள் பாதி எழுதியிருந்த மடல்,
கடைசியில் பெருந்தீனியும்,
கேட்க ஆளில்லாமல்.

அறிக்கையில் எழுதினாள்.
எதிர்பார்த்தது: கேட்டவருக்கு மறுப்பு.
நடந்தது: கொடுத்தவர் சாவு.
மறுபடி நடக்குமா: ஒவ்வொரு முறையும்.
தீவிரம் என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி
நடுத்தரம் என்று போட்டாள்.
நடுத்தரமா? என்றான் ஸ்பினியெக், வாயில் ரொட்டியோடு.
அவள் பதில் சொல்லவில்லை.

பெட்டி மறுபடி எழுந்தது.
மடல் நிரல் பவ்வியமாய்க் கேட்டது:
'இந்தச் சனிக்கிழமையும் நானே வருகிறேன், பரவாயி'
என்று நிற்கும் ஒன்று இருக்கிறது,
மீட்டெடுக்கவா?

அம்புக்குறி இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் நின்றது.
வெளியே பனி தொடங்கியிருந்தது, அல்லது நிற்கவே இல்லை.

கேள்வியை அப்படியே திறந்து விட்டுவிட்டு
அவள் பெருந்தீனியை மறுபடி ஓடவிட்டாள்.

ஒரு ஜிபி.