முகரக் கூடாத தட்டு

சிராங்கூன் சாலை மளிகைக்கடையில் கொடுத்த நாட்காட்டி
ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு எதிரே தொங்குகிறது.
ராகுகாலம், எமகண்டம் அச்சிட்ட கட்டங்களுக்குள்
பென்சிலால் மழையை எழுதி வைக்கிறேன்.
ஜனவரி ஒன்பது: விடிய விடிய.
பத்து: விடவில்லை.
பதினொன்று: லோங்காங் நிரம்பி
நடைபாதையில் ஏறிவிட்டது.

இதை யாரும் கேட்கவில்லை.
எனக்கு வருவது ரத்தம், சளி, சீழ்,
பார்கோடு ஒட்டிய மலம்.
வானத்தை யாரும் புட்டியில் அடைத்து அனுப்புவதில்லை.

பதினாறு வருட இரவுப் பணியில்
ஒன்று மட்டும் பிடிபட்டது.
பெய்கிற அன்று யாருக்கும் ஒன்றுமில்லை.
மழை முதலில் மண்ணுக்குள் இறங்கும்.
வெயில் நாளெல்லாம் ஆழத்தில் சும்மா கிடந்ததை
எழுப்பி மேலே கூட்டி வரும்.
ஒரு பித்தவெடிப்பு போதும், உள்ளே நுழைய.
அப்புறம் ஒரு வாரம், பத்து நாள்.
துணியெல்லாம் காய்ந்து
மூங்கில் கழிகள் உள்ளே போன பிறகு
காய்ச்சல் வரும்.

சில வருடம், எங்கோ பசிபிக்கில்
கடல் அரை டிகிரி கூடுதலாகச் சுடுகிறது.
இங்கே திடல் புல் பழுக்கிறது,
நாட்காட்டியில் வெற்றுக் கட்டங்கள்.
அப்போது வருகிறவை வேறு:
ஒரே விருந்து, ஒரே ஐஸ் வாளி,
ஒரே நாளில் முப்பத்திரண்டு மருத்துவ விடுப்பு.
சில வருடம் அதே கடல் குளிர்கிறது.
மழை, கணக்கு வழக்கில்லாமல்
கடனைத் திருப்பித் தருகிறவன் மாதிரி
மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டுகிறது.

ஜனவரி இருபது, மூன்று மணி பத்து.
கருவி கூவியது.
சேவுகன், நாற்பத்து மூன்று.
தெங்கா. அடித்தளப் பள்ளத்தில்
தண்ணீர் இறைக்கிற வேலை.
சர்க்கரை உண்டு. இடது நுரையீரலில் வெண்மை.
வலது கணுக்காலில் கீறல், அடைப்புக்குறிக்குள்:
ஆறிவிட்டது.

சந்தேகம் என்று அப்போதே வார்டுக்குச் சொன்னேன்.
மருந்தை மாற்றினார்கள்.
தட்டுக்கு மட்டும் அவசரமில்லை.
மூன்றாம் இரவில்தான் முகம் காட்டியது,
ஊதா நிறத்தில், சுருங்கி,
மணத்தக்காளி வற்றலைப் போல.

சுவரில் ஏழாம் விதி: தட்டை முகராதே.
விதி வருவதற்கு முன்னால்
ஹஃபிஸா ஒருமுறை முகர்ந்திருக்கிறாள்.
அந்தக் காலத்தில் மூக்கால்தான் கண்டுபிடிப்பார்களாம்.
என்ன வாடை, என்றேன்.
கண்ணை மூடி யோசித்தாள்.
'ஹுஜான்,' என்றாள். மழை.
முதல் மழை விழுந்த தரை.

அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது,
மிக நல்ல சொல்,
கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவர்கூட
ஆசையாக எடுத்து வைத்துக்கொள்வார்.
ஹஃபிஸாவிடம் அதைச் சொல்லவில்லை.
முகக்கவசத்துக்குள்
நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்: மண்வாசனை.
கண்ணாடி மங்கிற்று.

சேவுகனை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை.
வாரக்கணக்கில் நரம்பில் ஏறும்,
பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.
வேலை அனுமதி அதுவரை தாங்குமா என்பது
என் தட்டில் வளராது.
அவன் இறங்கிய பள்ளத்தில்
இந்நேரம் வேறு யாரோ
பம்பைப் போட்டிருப்பார்கள்.

பணி முடிந்து வெளியே வந்தால்
மறுபடி தூறல்.
பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர்
காலணியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு
தேங்கிய நீரில் குதிக்கிறார்கள்.
சொல்லலாமா என்று நின்றேன்.
என்ன சொல்வது? மழையில் ஆடாதே என்றா?

திரும்பி மேலே போனேன்.
இன்றைய கட்டத்தில் 'தூறல்' என்று எழுதினேன்.
பத்துக் கட்டம் தள்ளி
பென்சிலால் ஒரு புள்ளி.
அங்கே ஏற்கெனவே
சிவப்பில் அச்சிட்டிருந்தது:
சுபமுகூர்த்தம்.